புள்ளி வைத்தால் மட்டும் கோலம் ஆகாது: நெட்வொர்க்கில் உள்ள அப்ளிகேஷன் சர்வர்களைக் கண்டறிந்து வரைபடமாக்கும் வழி

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பலவற்றில் இருக்கும் லாக்4ஜே என்ற நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த வாரம், மதுரையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "நம்மிடம் ஜாவா எங்கெல்லாம் ஓடுகிறது?" ஓட்டையை அடைப்பது பெரிய வேலையாக இல்லை. எங்கே அடைப்பது என்பதுதான் தெரியவில்லை. எக்செல் பட்டியல் ஒன்று இருந்தது. அதைத் தயாரித்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டியலில் இருந்த சில சர்வர்கள் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்த பல சர்வர்கள் பட்டியலில் இல்லை. மூன்று இரவுகள் கண் விழித்து ஒவ்வொரு பெட்டியாகத் தேடினோம். தூங்கா நகரம் என்ற பெயருக்கு எங்களால் ஆன பங்களிப்பு அது.

இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, "நம் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வரைபடம் தயார் செய்யுங்கள்" என்ற உத்தரவோடு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்ளிகேஷன் சர்வர் என்பது நிறுவனத்தின் நிரல்களை ஓட்டித் தரும் மென்பொருள்; டாம்கேட், வெப்லாஜிக் போன்றவை அந்த வகை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். துணி மொத்த வியாபாரம். தலைமை அலுவலகம் கே.கே. நகரில், கடை விளக்குத்தூண் பக்கம், கிடங்கு கப்பலூரில். மூன்று இடத்திலும் கணினிகள்.

வாசலில் கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைப்பார், பிறகு இழை இழுப்பார். நெட்வொர்க்கில் என்னென்ன சர்வர்கள் இருக்கின்றன என்பது புள்ளி. எது எதனோடு பேசுகிறது, எது நின்றால் எது நிற்கும் என்பது இழை. புள்ளி வைக்க இலவசக் கருவிகளே போதும். அந்தப் புள்ளிகளையே கோலம் என்று நம்பிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

முதலில் ஒரு கடிதம்

எந்தக் கருவியையும் நிறுவுவதற்கு முன் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குங்கள். எந்த முகவரிகளை, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கணினியிலிருந்து ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் (அதாவது, நெட்வொர்க்கைத் துழாவப் போகிறீர்கள்) என்பதை எழுதி, பொறுப்பாளரிடம் கையொப்பமோ மின்னஞ்சல் ஒப்புதலோ பெறுங்கள். அனுமதியின்றி ஒருவருடைய கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவில் வருகிறது. அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் நோக்கம் நல்லதுதான். ஆனால் பாதுகாப்புக் குழுவின் திரையில் உங்கள் ஸ்கேனும் ஒரு திருடனின் ஸ்கேனும் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்கேன் தொடங்கும் நாளன்று அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போய்விடட்டும்.

வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்களும், வங்கியோ வேறு நிறுவனமோ உங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெட்டிகளும் உங்கள் மேலாளர் கொடுக்கும் அனுமதிக்குள் அடங்காது. அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

எல்லையை எழுதிக்கொள்ளுதல்

ரவுட்டர், ஃபயர்வால் அமைப்புகளிலிருந்து எந்தெந்த சப்நெட்டுகள் (முகவரித் தொகுதிகள்) பயன்பாட்டில் இருக்கின்றன என்று எடுங்கள். 10.20.4.0/24 என்றால் 254 முகவரிகள், பொறுமையாகத் தேடலாம். 10.20.0.0/16 என்றால் 65,534 முகவரிகள். குருட்டாம்போக்கில் தேடினால் பொழுது விடிந்துவிடும். டிஎன்எஸ் பதிவுகள் (பெயருக்கு முகவரி சொல்பவை), டிஎச்சிபி பட்டியல் (கணினிகளுக்குத் தானாக வழங்கிய முகவரிகள்), மெய்நிகர் கணினிகளை (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கியவை) நிர்வகிக்கும் திரை ஆகிய மூன்றிலிருந்தும் இப்போதே பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிவை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எதில் எது விடுபட்டிருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் கிளைக்குக் கிளை ரவுட்டர் வாங்கி, கடையில் வந்த அமைப்பை மாற்றாமலே மாட்டிவிடுவார்கள். விளக்குத்தூண் கடையிலும் 192.168.1.0/24, கப்பலூர்க் கிடங்கிலும் 192.168.1.0/24. இரண்டு இடத்திலும் 192.168.1.10 என்ற சர்வர் இருக்கும். ஐ.பி. முகவரியை மட்டும் அடையாளமாக வைத்தால் உங்கள் வரைபடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இடத்தின் பெயரையும் முகவரியையும் சேர்த்தே அடையாளமாக்குங்கள். வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்று திசை சொல்லாமல் வெறும் "மாசி வீதி, பத்தாம் எண்" என்று தபால் எழுதினால் என்ன ஆகும்?

உயிரோடு இருப்பவை எவை

1997-இல் வெளிவந்த என்மேப் இன்றும் இதற்குப் போதுமான கருவி. போர்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு சேவையும் காத்திருக்கும் எண்ணிட்ட கதவுகளைத் தொடாமல் யார் விழித்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும் வகை ஸ்கேன் அதில் உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரே சப்நெட்டுக்குள் இருந்து, நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் அது ஏஆர்பி (ஐ.பி. முகவரிக்கு உரிய நெட்வொர்க் அட்டையைக் கேட்கும் நெறிமுறை) மூலம் கேட்கும்; பதில் கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணினிகளை ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) வழியாகவும், 80, 443 போர்ட்டுகளைத் தொட்டும்தான் கேட்க முடியும். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. பதில் வராததெல்லாம் செத்தது என்று எழுதிவிடாதீர்கள்.

அதனால் இன்னொரு பக்கத்திலிருந்தும் கேளுங்கள். ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையையும் ஸ்விட்சின் மேக் (நெட்வொர்க் அட்டையின் முகவரி) அட்டவணையையும் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியாக வாங்கலாம். அதன் போர்ட் யுடிபி 161. பழைய 2சி பதிப்பில் ரகசியச் சொல் மூடாமலே கம்பியில் போகும் என்பதால், முடிந்தவரை மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். பிங்குக்கு வாய் திறக்காத பெட்டியும் ஸ்விட்சின் கணக்கில் மாட்டிக்கொள்ளும். எந்த ஸ்விட்சின் எந்தத் துளையில் கம்பி செருகியிருக்கிறது என்பதும் அதிலேயே கிடைத்துவிடும். மேக் முகவரி 00:50:56 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் விஎம்வேர் மென்பொருளில் ஓடும் மெய்நிகர் கணினி. முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் காட்டிக் கொடுக்கும்.

கதவைத் தட்டுதல்

இனி போர்ட்டுகள். என்மேப் வழக்கமாக அதிகம் புழங்கும் 1,000 போர்ட்டுகளை மட்டும் பார்க்கும். மொத்தம் இருப்பவை 65,535. அப்ளிகேஷன் சர்வர்களைத் தேடுகிறவர்கள் இந்த எண்களைக் கட்டாயம் பட்டியலில் சேர்க்க வேண்டும்: டாம்கேட்டுக்கு 8080, முன்னால் நிற்கும் வெப் சர்வர் அதனோடு பேசும் ஏஜேபி இணைப்புக்கு 8009, வெப்லாஜிக்குக்கு 7001, பாதுகாப்பான இணைப்புக்கு 7002, வெப்ஸ்பியருக்கு 9080, 9443, அதன் நிர்வாகத் திரைக்கு 9060, 9043, வைல்டுஃபிளைக்கு 8080, நிர்வாகத்துக்கு 9990, கிளாஸ்ஃபிஷ் நிர்வாகத்துக்கு 4848. பின்னால் நிற்கும் தரவுத்தளங்களில் ஆரக்கிளுக்கு 1521, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432.

இவை நிறுவும்போது வரும் எண்கள். யார் வேண்டுமானாலும் மாற்றலாம்; மாற்றியும் இருப்பார்கள். 8080 திறந்திருக்கிறது என்பதால் அது டாம்கேட் என்று முடிவு கட்ட முடியாது. வைல்டுஃபிளையாகவோ, சிசிடிவி பெட்டியின் திரையாகவோகூட இருக்கலாம். கதவின் எண்ணைப் பார்த்தால் போதாது, உள்ளே இருப்பவரின் குரலையும் கேட்க வேண்டும். பதிப்பைக் கண்டறியும் வசதியை இயக்கினால் என்மேப் ஒவ்வொரு போர்ட்டிலும் பேச்சுக் கொடுத்து, வரும் பதிலை வைத்து அடையாளம் சொல்லும். வெப்லாஜிக் தன் டி3 நெறிமுறையில் வணக்கம் சொல்லும்போதே பதிப்பையும் சொல்லிவிடும். டாம்கேட் பல இடங்களில் "பக்கம் இல்லை" என்ற பிழைச் செய்தியின் அடியில் தன் பெயரையும் பதிப்பையும் அச்சிட்டுக் கொடுக்கும்.

8009 திறந்திருப்பதைக் கண்டால் உடனே குறித்து, உரியவருக்குச் சொல்லுங்கள். 2020 பிப்ரவரியில் வெளிவந்த கோஸ்ட்கேட் ஓட்டை இந்த ஏஜேபி வழியாகத்தான் வந்தது. டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்புகள் அதில் சிக்கும்.

அச்சுப்பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட் 9100-க்கு என்ன அனுப்பினாலும் பல அச்சுப்பொறிகள் அதை அப்படியே அச்சடித்துத் தள்ளும். இதனாலேயே பதிப்பைக் கண்டறியும்போது என்மேப் 9100-ஐத் தானாகவே தவிர்க்கிறது. நான் முதன்முதலில் ஓட்டிய வேறொரு கருவி தவிர்க்கவில்லை. ஒரு கடையின் பில் போடும் மேசையில் புரியாத எழுத்துகளோடு தாள் தாளாக வந்து விழ, வாடிக்கையாளர் வரிசை அப்படியே நின்றது. காசாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. வேகத்தையும் குறைத்தே வையுங்கள், குறிப்பாகக் கிளைக்குப் போகும் இணைப்பு மெலிந்ததாக இருந்தால். கே.கே. நகரில் உட்கார்ந்து கப்பலூரை ஸ்கேன் செய்வதைவிட, கப்பலூரிலேயே ஒரு சிறு கணினியில் கருவியை ஓட்டி முடிவை மட்டும் வரவழைப்பது நல்லது.

உள்ளே போய்க் கேட்பது

வெளியே நின்று பார்த்தால் ஒரு பெட்டியில் ஓர் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மட்டும் 443-இல் தெரியும். அதன் பின்னால் பத்து டாம்கேட்டுகள் மறைந்திருக்கும். ஒரே கணினியில் டாம்கேட்டை ஒருமுறை நிறுவி, அதைக் கொண்டே ஐந்து தனித்தனி சர்வர்களை ஓட்டுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் உள்ளே நுழைந்தால்தான் தெரியும்.

லினக்ஸ் கணினிக்குள் நுழையும் வழி எஸ்எஸ்எச், போர்ட் 22. விண்டோஸுக்கு வின்ஆர்எம், போர்ட் 5985 அல்லது 5986. பழைய கணினிகளில் டபிள்யூஎம்ஐ. இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை, படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, உருவாக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைவிடச் சாவிக் கோப்பு மேல். கருவியிடம் ஐந்தாறு கடவுச்சொற்களைக் கொடுத்து "எல்லாக் கணினியிலும் முயன்று பார்" என்று விடவே கூடாது. தவறான முயற்சிகள் எல்லை தாண்டினால் அந்தக் கணக்கு பூட்டிக்கொள்ளும். அது வேறு யாருடைய முக்கியமான கணக்காகவோ இருந்துவிட்டால் காலை பத்து மணிக்கு அலுவலகமே ஸ்தம்பிக்கும். போதாததற்கு, தெரியாத பெட்டி ஒன்றின் வாயிலேயே போய் உங்கள் கடவுச்சொல்லை ஒப்பித்ததாகவும் ஆகும்.

நுழைந்ததும் பார்க்க வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரல்களின் முழுக் கட்டளை வரி. அந்த ஒரே வரியில் ஜாதகமே இருக்கும். டாம்கேட் என்றால் கேட்டலீனா ஹோம், கேட்டலீனா பேஸ் என்ற இரண்டு பாதைகள்: முதலாவது நிறுவப்பட்ட இடம், இரண்டாவது அந்தத் தனிச் சர்வரின் வீடு. ஹோம் ஒன்றாகவும் பேஸ் ஐந்தாகவும் இருந்தால் உங்களுக்குக் கிடைத்தவை ஐந்து சர்வர்கள். வெப்லாஜிக்கில் சர்வரின் பெயர் வரியிலேயே இருக்கும். வெப்ஸ்பியரில் செல், நோட், சர்வர் ஆகிய மூன்று பெயர்களும் வரியின் கடைசியில் அடுத்தடுத்து வரும்.

வெப்லாஜிக்கிலும் வெப்ஸ்பியரிலும் ஒரு சலுகை உண்டு. வீட்டுப் பெரியவரைப் பிடித்துவிட்டால் குடும்பம் முழுவதையும் தெரிந்துகொள்ளலாம். வெப்லாஜிக் நிர்வாகச் சர்வரின் டொமைன் அமைப்புக் கோப்பில் அதன் கீழ் உள்ள எல்லாச் சர்வர்களும், கிளஸ்டர்களும் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழுக்கள்) எழுதியிருக்கும். வெப்ஸ்பியரில் இந்தப் பெரியவருக்கு டிப்ளாய்மென்ட் மேனேஜர் என்று பெயர். இப்போது அணைத்து வைத்திருக்கும் சர்வரும் இந்தக் கோப்புகளில் அகப்படும். ஸ்கேனில் அது ஒருநாளும் அகப்படாது.

எந்தப் போர்ட்டை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்பதையும் எடுங்கள். லினக்ஸில் சாதாரணப் பயனராக இருந்து கேட்டால் மற்றவர்களுடைய நிரல்களின் பெயர் வெற்றிடமாக வரும். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கூடுதல் உரிமை கேட்டு வாங்குங்கள்.

இழை இழுப்பது

வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. பெரும்பாலானோர் அவசரத்தில் விட்டுவிடுகிற பகுதியும் இதுதான்.

இழைகள் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, எழுதி வைத்திருப்பது. டாம்கேட்டின் அமைப்புக் கோப்புகளில் தரவுத்தளத்தின் முகவரி, போர்ட், பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். அதே கோப்பில் கடவுச்சொல்லும் பல நேரம் வெட்டவெளியில் இருக்கும். உங்கள் கருவி முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நிறுவனத்தின் கடவுச்சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துத் திருடனுக்கு விருந்து வைத்தவர் ஆவீர்கள்.

மற்றொன்று, நடப்பது. இந்த நொடியில் எந்தக் கணினி எதனோடு இணைப்பில் இருக்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரிலும் பதிவு செய்யுங்கள். ஓர் இணைப்பின் இரு முனைகளிலும் போர்ட் எண் இருக்கும். 1521, 8080 போல ஒருவர் காத்திருந்து கேட்கும் எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அவர்தான் சேவை தருகிறவர். 41,000 போன்ற பெரிய எண் எந்தப் பக்கமோ, அவர் சேவை கேட்டு வந்தவர். லினக்ஸ் இந்தத் தற்காலிக எண்களை வழக்கமாக 32,768 முதல் 60,999 வரையிலும், விண்டோஸ் 49,152 முதல் 65,535 வரையிலும் எடுத்துக்கொள்ளும். அம்பின் திசையை இதை வைத்துப் போடுங்கள். திசை தவறினால் "இது நின்றால் எது நிற்கும்" என்ற கேள்விக்கு வரைபடம் தலைகீழாகப் பதில் சொல்லும்.

தரவுத்தளத்தோடு நிரந்தரமாகத் தொடர்பு வைத்திருக்கும் சர்வர் எளிதாகச் சிக்கும். நள்ளிரவில் நாற்பது நொடி மட்டும் பேசிவிட்டுப் போவது சிக்காது. மொத்தக் கடை வீதியில் பகலில் மட்டும் நின்று பார்த்தால் எந்த லாரி எந்தக் கடைக்குச் சரக்கு இறக்குகிறது என்று எப்படித் தெரியும்? ரவுட்டரில் நெட்ஃப்ளோ வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். போன வந்த எல்லாப் பேச்சின் சுருக்கமும் பதிவாகும். ஒரே சப்நெட்டுக்குள் இருக்கும் இரு கணினிகளின் பேச்சு ரவுட்டர் வரை வராது. அதற்கு முந்தைய வழிதான்.

எத்தனை நாள் கவனிப்பது? குறைந்தது 35 நாட்கள் என்பது என் கணக்கு. மாதச் சுழற்சி ஒன்று முழுதாக அதற்குள் வந்துவிடும். மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. அந்தத் தேதிகளை ஒட்டி மட்டும் விழித்தெழும் இணைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சம்பளப் பட்டியல் மாதக் கடைசியில் எழும்.

35 நாளும் போதாமல் போன கதை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஒரு கிடங்கின் மேசைக்கடியில் இருந்த பழைய பெட்டியில் டாம்கேட் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நாளுக்கு மேல் பார்த்தும் அதனோடு யாரும் பேசவில்லை. "பயன்பாடு இல்லை" என்று எழுதினேன். அணைத்து, பழைய பொருட்களோடு சேர்த்துவிட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போனஸ் கணக்கு ஓடவில்லை. வயதான கணக்கர் ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார்: "அது ஆண்டுக்கு ஒருமுறைதான் ஓடும், தம்பி. என்னை யாரும் கேட்கவில்லையே." பழைய பொருட்கள் நல்லவேளையாக இன்னும் எடைக்குப் போயிருக்கவில்லை.

ஆள் பெயர்

ஆகவே கருவி ஓடி முடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பெயர்கள் தேவை: அதைப் பராமரிக்கிற தொழில்நுட்ப ஆள், அது நின்றால் முதலில் கூப்பாடு போடுகிற ஆள். இரண்டாமவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ கிடங்கிலோ இருப்பார். "இந்தத் திரையை எப்போது திறப்பீர்கள்? ஆண்டில் ஒருமுறை மட்டும் செய்யும் வேலை ஏதாவது உண்டா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு தேநீரும் உடன் இருந்தால் பதில் நீளமாக வரும்.

இந்தக் கட்டத்திலேயே இரட்டைப் பதிவுகளையும் களையுங்கள். இரண்டு நெட்வொர்க் அட்டை உள்ள ஒரே சர்வர் இரண்டு புள்ளிகளாக வந்திருக்கும். இரண்டு முகவரிகளிலும் எஸ்எஸ்எச் அடையாளச் சாவி ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது ஒரே கணினி. ஆனால் ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே நகலெடுத்து இன்னொன்று செய்திருந்தாலும் சாவி ஒன்றாகவே இருக்கும். வன்பொருள் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு ஒன்றாக்குங்கள்.

வரைந்து வைப்பது

தகவலைச் சேமிக்க நெட்பாக்ஸ், ஜிஎல்பிஐ, ஐடாப் என்று திறமூலக் கருவிகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் சரி. படம் வரைய கிராஃப்விஸ் போதும்.

எல்லா இழைகளையும் ஒரே படத்தில் போடாதீர்கள். டிஎன்எஸ், நேரச் சர்வர், காப்புநகல், கண்காணிப்பு ஆகிய நான்கோடும் எல்லாக் கணினிகளும் பேசும். அவற்றைச் சேர்த்தால் படம் பூனை உருட்டிய நூற்கண்டாகிவிடும். அவற்றை மறைத்துவிட்டு, வேலைக்கு ஒரு படம் என்று பிரித்துப் போடுங்கள்: பில் போடுவதற்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. பில் படத்தில் கடையின் திரை, அதன் டாம்கேட், பின்னால் உள்ள தரவுத்தளம், ஜிஎஸ்டி பக்கம் போகும் இணைப்பு என்று ஏழெட்டுப் பெட்டிகள் இருந்தால் போதும். எழுதி வைத்ததில் மட்டும் கிடைத்த இழையைப் புள்ளிக்கோடாகவும், நடப்பில் கண்டதை முழுக்கோடாகவும் போடுவது என் வழக்கம். புள்ளிக்கோடுகளைப் பற்றி மறுபடி விசாரிக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.

வாரம் ஒருமுறை ஸ்கேன் தானாக ஓடும்படி அமைத்து, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மின்னஞ்சலில் வரச் செய்யுங்கள். முழுப் பட்டியலை அனுப்பினால் மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள். "புதிதாக மூன்று, காணாமல் போனது ஒன்று" என்றால் படிப்பார்கள். வரைபடம் இருக்கும் கோப்புக்கும் பூட்டுப் போடுங்கள். தாக்க வருகிறவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

ஒரு சர்வர் தேவையில்லை என்று முடிவானால் உடனே அணைக்க வேண்டாம். ஸ்விட்சில் அதன் துளையை மட்டும் மூடிவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, கணக்கர் சொன்ன தேதிகள் எல்லாம் கடக்கும்வரை காத்திருங்கள். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, மூடிய நாளையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள். தமிழில் எழுதுங்கள், கிடங்கில் இரவுக் காவலுக்கு இருப்பவரும் படிக்க வேண்டும்.